ஆணவ மலமும் ஜென்ம பாவமும்



சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலமும், கிறிஸ்து மதத்தார் கூறும் ஜென்ம பாவமும் பெயரளவில் வேறாயினும் பொருளளவில் ஒன்றே என்னும் கூற்றுச் சமய ஒப்பாய்வு அரங்குகளில் அடிக்கடி கேட்கப்படுகின்றது. அங்ஙனம் கூறுவோர் பகைமை பற்றிக் கூறுவாரல்லர். இரு சமயத்தாரையும் அணுகச் செய்தல் வேண்டுமென்னும் நல்லெண்ணமே அவர்பால் உளது. நம்மவருள்ளும் சிலர், நம் மலக்கொள்கை மேனாட்டார் சமயத்திலும் விளங்குகின்றதெனக் களித்து, அதனை வழிமொழிகின்றனர். அக்களிப்பு ஆராயாது கொண்டதென்பது எம் துணிபு. ஒப்புமை உண்டு; அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் அவ்வொப்புமை நிற்குமிடத்துக்கு அணித்தாகவே பெரியதோர் வேற்றுமை கிடக்கின்றது. அவ்வேற்றுமை பிறப்பு என்பதனைப் பற்றியது. பிறப்பானது அழுக்கு வந்து சேரும் வாயிலா, அன்றி அழுக்கினைப் போக்குதற்குத் தரப்பட்ட மருந்தா என்பதே ஈண்டு எழும் வினா.

இதனைக் காடாம்புலியூரில் இருந்து எழுதுதற்கு ஓர் இயைபும் உண்டு. எம்மூர்க்கு அண்மையிலுள்ள திருவதிகை, உண்மை விளக்கம் அருளிய மனவாசகங்கடந்தாரது பதி. சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியாரது திருத்துறையூரும், மெய்கண்ட தேவரது திருவெண்ணெய்நல்லூரும் இந்நாட்டினவே. மலம் இன்னதென்று தமிழில் வரையறுத்த பெரியோர் நடந்த மண்ணிற் பிறந்தும், அவ்வரையறையை நெகிழவிடுவேமாயின், அது நமக்குப் பழியாகும்.

பரபக்கம் கூறுவோன் பிறர் கொள்கையை அவர்தாமே 'ஆம், யாம் கூறுவது இதுவே' என்று ஒப்புமாறு எடுத்துக் கூறிப் பின்னரே அதனை ஆராய்தல் வேண்டும். மடத்துப் பாடசாலையில் எம் ஆசிரியர் இதனைப் பலகாலும் வற்புறுத்தினர். யாம் அதனைப் பல்லாண்டு பின்பற்றாதிருந்தமையைப் பின்னர்க் கூறுவாம்.

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம், ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்டு தோட்டத்தினின்றும் நீக்கப்பட்டதைச் சொல்லுகின்றது. அவர் செய்த பிழை வழிவழி மக்கட்கெல்லாம் இறங்கியதென்று அவ்வதிகாரம் வெளிப்படையாகக் கூறிற்றில்லை. அந்நூலை முதலில் தமதாகவுடைய யூதர் அங்ஙனம் கொள்வதுமில்லை. பவுல் என்னும் அடியார் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், ஒரு மனிதனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகிற் புகுந்தன என்னும் கருத்து வருகின்றது. அதனையே பிற்காலத்தார் இக்கொள்கைக்கு அடிப்படையாகக் கொண்டனர்.

ஈண்டு இலக்கணம் பயின்றார்க்குச் சுவை தருவதொன்று உண்டு. அவ்வாக்கியம் கிரேக்க மூலத்தில் 'எல்லாரும் பாவம் செய்தமையால்' என்னும் ஏதுப்பொருள் படுவது என்பர் அம்மொழி வல்லார். பண்டை இலத்தீன் மொழிபெயர்ப்போ 'அவனிடத்தே எல்லாரும் பாவம் செய்தனர்' என இடப்பொருள் படக் கொள்ளுதற்கு இடந்தந்தது. இப்போ நகரத்து ஆயராகிய அகுஸ்தீனார் (354–430) இலத்தீன் பாடத்தையே கொண்டு, மாந்தர் அனைவரும் ஆதாமின் அரையில் அடங்கி நின்று அவனோடு பிழைத்தனர் என்று பொருள் விரித்தனர். ஏதுப்பொருள் இடப்பொருளாகத் திரிந்தமையால் ஒரு பெருங்கொள்கை வலிபெற்றதைக் காண்க. தமிழ் விவிலியம் கிரேக்க மூலத்தைத் தழுவி ஏதுப்பொருளையே தருகின்றது. ஆயினும் இவ்வொன்றைக் கொண்டே கொள்கை முழுவதும் வீழ்ந்ததென்று ஆரவாரித்தல் நமக்குத் தகாது. அவர் அதற்கு வேறு சான்றுகளும் காட்டுவர்.

பெலாகியுசு என்பார், ஒவ்வொரு மகவும் ஆதாம் படைக்கப்பட்டவாறே குற்றமின்றிப் பிறக்கின்றதென்றார். அவர் கொள்கை 418-ஆம் ஆண்டு கார்த்தேசுச் சங்கத்திற் கடியப்பட்டது. 1546-இல் திரெந்துச் சங்கம், இப்பாவம் பின்பற்றுதலால் அன்றி வழித்தோன்றுதலாலேயே வருவதென்றும், ஞானஸ்நானத்தால் நீங்குவதென்றும் கத்தோலிக்கர்க்கு வரையறுத்தது. லுத்தர் வழியினரோ 1530-இல் வெளியிட்ட ஆக்ஸ்பர்க்கு அறிக்கையில், பிறவியிலேயே உள்ள தீவேட்கையும் மெய்யாகவே பாவமாம் என்றனர். கிரேக்கம் முதலிய கீழைத் திருச்சபையார், ஆதாமினின்றும் நமக்கு வந்தது சாவும் சிதைவுமேயன்றிக் குற்றப்பொறுப்பு அன்று என்பர். ஆகலின் கிறிஸ்து மதம் இப்பொருளில் ஒரே குரலாற் பேசுகின்றதென எண்ணற்க. அன்றியும் கத்தோலிக்கர் 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், இது 'பாவம்' எனப்படுவது ஒப்புமை பற்றியேயாம் என்றும், ஒருவன் செய்த செயலன்று, எய்திய நிலையே என்றும் தெளிவுறக் கூறுகின்றது. நம் மேடைகளில் இன்றும் முழங்கப்படும், 'தாத்தன் உண்ட கனிக்குப் பேரன் தண்டம் இறுப்பதோ?' என்னும் எள்ளல் இவ்வுரையின்முன் பெரிதும் வலிகுன்றும். தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமவான் என்னும் கருத்து அவர்தம் எசேக்கியேல் ஆகமத்திலேயே பதினெட்டாம் அதிகாரத்தில் உளது. நாம் சொல்லித்தான் அவர் அதனை அறிதல் வேண்டுமென்பதில்லை.

இனி, சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவாம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி முதலாக வந்த பாதிரிமார், தம் கொள்கைகளைக் கூறுதற்குத் தமிழ்நாட்டில் வழங்கிய சொற்களையே எடுத்தாள வேண்டியவராயினர். அங்ஙனம் அமைந்ததே 'ஜென்ம பாவம்' என்னும் தொடர். பாவம் என்பது நம் வழக்கில் செய்த வினையின் பயன். செய்தவன் ஒருவன் இன்றிப் பாவம் இல்லை. ஜென்மம் என்பதோ பல பிறவிகளுள் ஒன்றனைக் குறிக்கும். இவ்விரண்டும் கூடிய தொடரைக் கேட்கும் தமிழன், முற்பிறவியில் தான் செய்த சஞ்சிதத்தையே நினைப்பானன்றி, ஏதேன் தோட்டத்தை நினையான். இத்தொடரை வழங்கியவரோ மறுபிறப்பையே மறுப்பவர். டி நொபிலியார் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று தனி நூலே இயற்றினர். மறுபிறப்பு இல்லையென்பார், மறுபிறப்பை நினைப்பூட்டும் சொல்லாலேயே தம் கொள்கையைக் கூற நேர்ந்தது. இக்குழப்பம் யாருடைய பிழையுமன்று. ஒரு மொழியின் சொல்லை மற்றொரு சமயம் கடன்கொள்ளும்போது நிகழ்வது. ஆயினும் இக்குழப்பமே, ஆணவத்தோடு அதனை ஒன்றாக்கும் கூற்றுக்கும் வாயிலாயிற்று என்பது எம் கருத்து.

ஒப்புமை எங்கே உளதெனின், அனுபவத்தில் உளது. மொழியறியாத மகவொன்று, தன்னோடு ஒருத்தியின்பாற் பாலுண்ணும் மற்றொரு மகவைக் கண்டு முகம் வெளிறிச் சினத்தோடு நோக்கியதைத் தாம் கண்டதாக அகுஸ்தீனார் தம் வரலாற்று நூலிற் கூறுகின்றனர். குழந்தைகளோடு வாழ்ந்தார் எவரும் இதனை மறார். கற்பிப்பார் இன்றியே 'யான்', 'எனது' என்னும் செருக்கு அம்மகவின்பால் விளங்குகின்றது. அவர் இதனை ஜென்ம பாவத்துக்குச் சான்றாக்கினர். நாம் ஆணவ மலத்துக்குச் சான்றாக்குவோம். மனிதன் இயல்பிலே நல்லன், சமுதாயமே அவனைக் கெடுத்தது என்று கூறும் இக்காலத்தாரை நோக்க, அகுஸ்தீனாரும் அருணந்தியாரும் ஒருபுறத்தாரே ஆவர். இவ்வளவும் உண்மை, இதனை மனமுவந்து கூறுகின்றோம்.

இனி வேற்றுமை. அவர் கொள்கையில் தீமைக்கு ஒரு தொடக்கம் உண்டு. இறைவன் மனிதனை நல்லனாகப் படைத்தான். அவன் தன் உரிமையால் வழுவினான். அவ்வழுவுக்கு முன்னே அவன் தூயன். எனின், தூயனாகிய அவனை வழுவச் செய்தது யாது? பாம்பு எனின், அது புறத்தது. புறத்தது தூண்டினும், தூண்டுதற்கு இணங்குமோர் இயல்பு அகத்தில் இருத்தல் வேண்டும். இவ்வினா நம் நூல்களுக்குப் புதியதன்று. உமாபதி சிவம் 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் ஐக்கியவாதியை எதிர்ப்படுகின்றனர். ஐக்கியவாதி மாயையும் கன்மமும் கொள்வன், ஆணவம் கொள்ளான். ஆணவம் இன்றித் தூயதாய் நின்ற உயிரை மாயையும் கன்மமும் வந்து பற்றியது எற்றுக்கு என்றும், தூய உயிரையும் அவை பற்றுமாயின் முத்தி பெற்றாரையும் மீளப் பற்றாவோ என்றும் சித்தாந்தி அவனை வினவுவன். ஆதாமைப் பற்றியும் இவ்வினாவே எழும்.

அகுஸ்தீனார் இதற்கு ஒருவகை விடை கூறினர். ஆதாம் பாவம் செய்யாதிருத்தல் கூடியவன். முத்தரோ பாவம் செய்தல் கூடாதவர். ஆகலின் அவர் மீள வழுவார் என்பது அவ்விடை. நுட்பமான விடையே. ஆயினும் அவ்வுறுதியை அளிக்கவல்ல அருள், தொடக்கத்திலேயே ஆதாமுக்கு அளிக்கப்படாதது ஏன் என்னும் வினா எஞ்சுகின்றது. உரிமையோடு அன்பு செய்தற்பொருட்டு என்பர். அற்றேல் முத்தர் உரிமையின்றி அன்பு செய்வரோ? இவ்விடத்தில் அவர் நூல்கள் பலவும் 'மறைபொருள்' என்று கூறி அமைகின்றன.

'நும் அநாதி என்பதும் அறியோம் என்பதன் மறுபெயரே அன்றோ?' என்று அவர் நம்மைத் திருப்பி வினவுவர். ஓரளவு உண்மை. ஆணவம் எங்கிருந்து வந்தது என்பார்க்கு, வந்ததன்று, உள்ளது என்று விடை கூறுதலால் வினா ஒழிகின்றதேயன்றி நிறைவுறுவதில்லை. இதனைவிட வலியதோர் தடையும் உண்டு. இறைவனோடு ஒப்ப அநாதியாய் ஓர் இருளைக் கொண்டால், ஒளியும் இருளும் என இருமுதல் கொண்ட மானி என்பாரது மதமாய் முடியாதோ என்பது அது. அகுஸ்தீனார் அம்மதத்தில் ஒன்பது ஆண்டு நின்று பின் வெறுத்து விலகியவர். ஆகலின் இத்தடை அவர்பால் இயல்பாக எழும். நம் விடை இது: மானியின் இருள் ஒளியோடு பொருதும் பகை, ஆணவமோ சடம். அது தானாக யாதும் செய்யமாட்டாது; அதன் சத்தி தொழிற்படுதலும், மெலிந்து ஒடுங்குதலும் இறைவனது திரோதான சத்தியால். திருவருட்பயனில் உமாபதி சிவம் புறவிருளையும் அகவிருளையும் ஒப்பிடுங்கால், புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும், இம்மலமோ தன்னையும் காட்டாது என்பர். தன்னைக் காட்டாத ஒன்றற்கு நாள் குறித்துத் தொடக்கம் கூறுதல் எங்ஙனம்?

லுத்தர் வழியினருள்ளே நிகழ்ந்த ஒரு வழக்கு நம்மவர் பெரிதும் அறியாதது. 1560-இல் வைமார் நகரத்து நடந்த வாதத்தில் பிளாசியுசு என்னும் அறிஞர், வீழ்ச்சிக்குப் பின் மனிதனது உள்பொருளே பாவமாயிற்று என்றார். அங்ஙனமாயின் மனிதனைப் படைக்கும் இறைவனே பாவத்தைப் படைப்பவனாவானே என்று ஏனையோர் மறுத்தனர். 1577-இல் அவர்தம் சபையார் கூடி, பாவம் பொருளன்று, பொருளைப் பற்றி நிற்கும் தன்மையே என்று முடிவு செய்தனர். சிவஞான முனிவரது மாபாடியத்தைப் பயின்றார்க்கு இவ்வழக்கின் நெருக்கடி உடனே விளங்கும். மலம் உயிரின் குணம் எனின், குணம் நீங்கக் குணியும் கெடும். உயிரே மலம் எனின் முத்தி இல்லை. ஆகலின் மலம் உயிரின் வேறாயதொரு திரவியம் என்றும், ஆயினும் இடையில் வந்ததன்று, சகசம் என்றும் நம் ஆசிரியர் கொண்டனர். சகச மலம் என்னும் பெயர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்திலேயே உளது.

நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் மரபாகக் காட்டும் உவமைகள். எம்மூர்ப் பக்கத்தார்க்கு முந்திரிக்கொட்டையைக் காட்டினும் ஆம். ஓடு பருப்பின்மேற் பின்னர் வந்து ஒட்டியதன்று. இரண்டும் உடன்தோன்றி உடன்முற்றுவன. ஆயினும் ஓடு பருப்பன்று. ஓட்டின் எண்ணெய் பட்ட கை புண்படும். பருப்போ குழந்தைக்கும் உணவு. வறுத்து உடைக்கும் பெண்டிர்க்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. (எல்லா உவமையும் ஒருபுடை ஒப்புமையே, ஓடு ஒருநாள் தோன்றியது, மலம் அங்ஙனம் அன்று.)

இனிப் பிறப்பின் நிலைக்கு வருவாம். கிறிஸ்து மதத்தார்க்குப் பிறப்பே பாவம் வந்து பற்றும் வாயில். தாய் வயிற்றுட் கருவாதலாலேயே மகவு ஆதாமின் வழியினதாகின்றது. சித்தாந்தத்திலோ உயிர் உடம்பு எடுப்பதற்கு முன்னரே, கேவல நிலையில், ஆணவ இருளில் யாதும் அறியாது கிடந்தது. அவ்விருளுள் விளக்குப் போல இறைவன் தந்ததே தனு கரண புவன போகம். துணியின் அழுக்கைப் போக்கும் வண்ணான் சாணமும் உவர்மண்ணும் ஏற்றி அவற்றோடு பழைய அழுக்கையும் போக்குமாறு போல, மாயையைக் கொண்டு இறைவன் ஆணவத்தை நீக்குவான் என்பர் அருணந்தி சிவாசாரியார். வண்ணான் துறையை அறியாதான், நல்ல துணியைச் சேற்றில் இட்டான் என்றே கூவுவான். பிறவி துன்பம் என்று நம் அருளாளர் எல்லாரும் அழுதது உண்மையே. மருந்து கைக்கும் என்று நோயாளன் அழுவது போல அஃது. மருந்தே நோய் என்று அவர் கூறினாரல்லர். ஆணவமும் ஜென்ம பாவமும் ஒன்றென்பார் இவ்வேறுபாட்டையே காணாது விடுகின்றனர்.

திருவதிகையிற் சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர், தாம் அறியாமற் செய்த கொடுமைகளையே முதற்கண் நினைந்து முறையிடுகின்றார். அறியாதவையேனும் அவை தம்முடையவை, பிறனொருவனுடையவை அல்ல. தேவார திருவாசகங்களில் வரும் தன்னிழிபுரைத்தலைக் கண்டு, ஈது எம்முடைய பாவ உணர்ச்சியே என்று மேனாட்டார் உருகியதுண்டு. 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலமாக்கி வெளியிட்ட போப்பையர் அந்நூலில் தம் உள்ளத்தைப் பறிகொடுத்தவர். அவ்வுருக்கத்தை நாம் போற்றுகின்றோம். எனினும் அப்பாடல்களில் மூதாதை ஒருவனது வீழ்ச்சி யாண்டும் பேசப்படவில்லை.

இவ்வளவும் எழுதியபின், எமக்கு நேர்ந்ததொன்றைக் கூறாது விடின் இக்கட்டுரை பொய்யாகும். எம் தெருவில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் உளர், எம்மினும் இரண்டாண்டு மூத்தவர், கத்தோலிக்கர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் மகளுக்குப் பிறந்த ஆண்மகவு, ஞானஸ்நானம் பெறுதற்கு முன்னரே, இரண்டாம் நாள் இறந்தது. துக்கம் விசாரிக்கச் சென்ற யாம், பல்லாண்டு மேடையிற் பேசிய பழக்கத்தால், 'நும் பழைய நூல்கள் இம்மகவைச் சொர்க்கத்தின் வெளியே லிம்போ என்னும் விளிம்பில் நிறுத்துமே' என்று வாய்தவறிக் கூறினோம். அவர் சினந்தாரல்லர். 'அதைத் திருச்சபை விசுவாசக் கொள்கையாக ஒருபோதும் வரையறுத்ததில்லை, புலவர் ஐயா. அத்தகைய பிள்ளைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறதென்று 2007-இல் உரோமையிலிருந்து ஓர் அறிக்கையும் வந்தது. அது போகட்டும். உங்கள் நூல் என் மகளுக்கு என்ன சொல்லும்?' என்றார்.

'வினைப்பயன்' என்றோம்.

'அப்படியானால் அந்தப் பிள்ளையே எதையோ செய்துவிட்டு வந்தது என்கிறீர்கள். எங்களிடத்தில் ஆதாமின் குற்றம். உங்களிடத்தில் பிள்ளையின் குற்றம். அவள் காதில் இரண்டில் எது இலேசாக விழும், ஐயா?' என்றார்.

யாம் விடை கூறாது எழுந்து வந்தோம். நாற்பதாண்டு பாடம் சொன்ன வாய் அன்று அடைபட்டது. தாத்தனும் பேரனும் என்று நகையாடிய எள்ளல் எத்துணை எளியதென்பதை அன்றே உணர்ந்தோம். 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதிய ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து அந்நூலை அறிந்தபின்னரே எழுதினர். அவ்வாண்டிலேயே, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பணிசெய்த ஓய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் ஆக்கிய சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்க நாட்டில் அச்சாயிற்று. எதிர்நின்றாரும் ஒருவர் நூலை ஒருவர் கற்றனர். யாமோ கற்றது சிறிது, பேசியது பெரிது.

பின்னர் ஆராய்ந்ததில் எமக்குத் தோன்றியது இது. 'வினைப்பயன்' என்ற விடை பிழையன்று, குறைவிடை. வினையை மட்டும் கூறி நிறுத்துவோன் வண்ணானைக் கூறாது சேற்றை மட்டும் கூறுவோன். அவ்வுயிர் இரண்டு நாள் பெற்ற உடம்பும் தண்டமாகத் தரப்பட்டதன்று. இருளிற் கிடந்த உயிர்க்கு ஏற்றப்பட்ட விளக்கே அதுவும். விளக்கு அவிந்தது, ஏற்றினவன் அவிந்திலன், மீண்டும் ஏற்றுவான். லிம்போ என்னும் இடர்ப்பாடு அவர்க்கு நேர்ந்தது ஜென்ம பாவம் ஒன்றினால் மட்டுமன்று. பிறப்பு ஒன்றே என்னும் கொள்கையும் உடன் சேர்ந்தமையால். ஒரே பிறப்பில், அதுவும் இரண்டு நாளில், ஓர் உயிரின் முடிவு அறுதியிடப்படுமாயின் இடர்ப்பாடு நேராதிருத்தல் எங்ஙனம்? நமக்கோ அறுதி அங்கில்லை. இதனைப் பதினாறாம் நாள் கழித்துச் சென்று அவரிடம் கூறினோம். 'மறுபிறப்பை நான் ஏற்கமாட்டேன், ஐயா. ஆனால் விளக்கைப் பற்றிச் சொன்னதை மகளிடம் சொல்லுகிறேன்' என்றார். சொன்னாரோ, இல்லையோ, யாம் வினவவில்லை.

அவர்பால் யாம் கொள்ளத்தக்கதும் ஒன்றுண்டு. ஒருவன் தீமை அவனோடு நில்லாது மனிதகுலம் முழுவதையும் தாக்கும் என்னும் உணர்ச்சி அவர் கொள்கையில் ஆழமாக உளது. பகையும் சாதிச் செருக்கும் நிறைந்த வீட்டில் வளரும் மகவு தான் செய்யாத தீமையைத் தாய்ப்பாலோடு உண்கின்றதென்பதைக் கூறுதற்கு ஜென்ம பாவம் என்னும் சொல் அவர்க்கு உதவுகின்றது. நம்மவரோ வினையைத் தனித்தனி உயிர்க்கணக்காகவே பேசிப் பழகி, அயலான் துன்பத்தை அவன் கணக்கு என்று விட்டுவிடுகின்றனர். இது சித்தாந்தத்தின் குறையன்று, சித்தாந்திகளின் குறை. ஆணவம் உயிர்தோறும் தனித்தனிச் சத்தியாய் நின்று மறைப்பினும், தான் ஒன்றே என்று நம் நூல்கள் கூறுகின்றன. எல்லா உயிரும் ஓரிருளிற் கிடந்தன என்பதனினும் பெரிய உறவு வேறு யாது உளது? அவ்வொருமையினின்றும் எழும் கடப்பாடுகளை நம் உரையாசிரியர் விரித்திலர், விரித்தற்கு இடமுண்டு.

ஞானஸ்நானத்தையும் தீக்கையையும் ஒப்பிட்டு, முன்னது கழுவுவதாகக் கூறும் குற்றமும் பின்னது மெலிவிக்கும் மலசத்தியும் எவ்வாறு வேறுபடும் என்பதனை ஈண்டு விரிப்பிற் பெருகும். ஆகலின் பிறிதோர் இதழுக்கு விடுத்தாம்.